மூன்று மில்லிகிராம் மருந்தும் ஒரு வெப்ப வரைகோடும்

புதிய மருந்து மூலக்கூறு ஒன்று வேதியியல் பிரிவிலிருந்து மருந்து வடிவமைப்பு ஆய்வகத்துக்கு முதன்முதலாக வந்து சேரும்போது, பெரும்பாலும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் சில கிராம் வெண்பொடியாகத்தான் வருகிறது. அதைச் செய்து அனுப்பியவர்களுக்கே தயாரிப்பு வழி இன்னும் முழுதாகத் தீர்மானமாகியிருக்காது. மாத்திரையாகுமா, கேப்சூலாகுமா, ஊசி மருந்தாகுமா என்பதும் தெரியாது. ஆனாலும் அந்தச் சில கிராமை வைத்துக்கொண்டே பல கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும். இது எந்தப் படிக வடிவம், வேறு வடிவங்கள் உண்டா, படிகத்துக்குள் நீரோ கரைப்பானோ சிக்கியிருக்கிறதா, அரைத்தால் மாறுமா, ஈரத்தில் மாறுமா, மாத்திரையில் சேர்க்கும் துணைப்பொருள்களான லாக்டோசுடனும் மெக்னீசியம் ஸ்டியரேட்டுடனும் ஒத்துப்போகுமா என்று பட்டியல் நீளும். கரைதிறன் சோதனைக்கும் நிலைப்புத்தன்மைச் சோதனைக்கும் அதே குப்பியிலிருந்துதான் பங்கு போக வேண்டும்.

இந்த நெருக்கடியில் முதலில் கைகொடுப்பது, பொருளைச் சூடாக்கி அதில் நிகழும் மாற்றங்களை அளக்கும் வெப்பப் பகுப்பாய்வுதான். ஒரு முறை அளக்க 2 முதல் 5 மில்லிகிராம் போதும். அரை மணி நேரத்தில் வரைகோடு கையில் வந்துவிடும். இத்துறையில் பல ஆண்டுகள் கழித்த பிறகு என் கருத்து இதுதான்: இவ்வளவு குறைந்த பொருளிலிருந்து இவ்வளவு செய்தி தரும் கருவி மருந்து ஆய்வகத்தில் வேறு இல்லை, இவ்வளவு மிகையாக வாசிக்கப்படும் கருவியும் வேறு இல்லை. வரைகோட்டில் ஓர் உச்சி தெரிந்தால், அந்த வெப்பநிலையில் பொருளுக்குள் வெப்பம் போனது அல்லது பொருளிலிருந்து வெப்பம் வந்தது என்பது மட்டுமே உறுதி. ஏன் போனது, ஏன் வந்தது என்பதை வரைகோடு சொல்வதில்லை. நாம்தான் சொல்கிறோம், சொல்லும்போது அது நம் ஊகம் என்பதை மறந்துவிடுகிறோம்.

கருவியின் அடிப்படை எளியது. டி.எஸ்.சி. (வேறுபாட்டு வருடல் கலோரிமானி) என்று ஆய்வகங்களில் அழைக்கப்படும் கருவியில் இரண்டு சிறு அலுமினியக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் மருந்துப் பொடி, மற்றொன்று வெற்றுக் கிண்ணம். இரண்டையும் சேர்த்து, வழக்கமாக நிமிடத்துக்கு 10 பாகை செல்சியஸ் என்ற வேகத்தில் சூடாக்கி, இரண்டுக்கும் செல்லும் வெப்பத்தின் வேறுபாட்டைத் தொடர்ந்து பதிவு செய்கிறோம். பொடி உருகினால் கூடுதல் வெப்பத்தை உள்வாங்கும். படிகமானால் வெப்பத்தை வெளிவிடும். களிமண்ணைச் சூடாக்கி அதன் வெப்பநிலை ஏறும் விதத்தை 1887இல் ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாத்தலியே, 1899இல் ஒப்பீட்டுப் பொருளைப் பக்கத்தில் வைத்து வேறுபாட்டை அளக்கும் முறையைக் கொண்டுவந்த ராபர்ட்ஸ்-ஆஸ்டன் ஆகியோரிடமிருந்து தொடங்கிய இந்த வழி, 1960களின் தொடக்கத்தில் பெர்கின்-எல்மர் நிறுவனத்தின் வாட்சனும் ஓ'நீலும் உருவாக்கிய கருவியில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. இதன் துணைக்கருவியான டி.ஜி.ஏ. (வெப்ப எடைப் பகுப்பாய்வுக் கருவி) என்பது உலைக்குள் தொங்கும் ஒரு நுண் தராசு. சூடாக்கச் சூடாக்க எடை எவ்வளவு குறைகிறது என்று காட்டும். ஜப்பானின் கோதாரோ ஹோண்டா 1915இலேயே அத்தகைய தராசு ஒன்றைச் செய்துவிட்டார்.

டி.எஸ்.சி. வரைகோட்டைக் கையில் வாங்கியவுடன் நான் முதலில் பார்ப்பது உச்சிகளை அல்ல, ஓரத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியை. சில கருவிகள் வெப்பம் கொள்வதை மேல்நோக்கி வரையும், சில கீழ்நோக்கி வரையும். இரண்டு ஆய்வகங்களின் வரைகோடுகளைப் பக்கத்தில் பக்கமாக ஒட்டிய அறிக்கைகளில், ஒன்றின் உருகலும் மற்றதன் படிகமாதலும் ஒரே திசையில் நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்துப் பார்ப்பது, கருவி சரியாக அளக்கிறதா என்று இண்டியம் என்ற உலோகத்தை உருக்கிப் பார்க்கும் சோதனையை எப்போது செய்தார்கள் என்பது. தூய இண்டியம் 156.6 பாகையில் உருக வேண்டும். உருகவில்லையென்றால் மற்ற எண்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இந்த முறையின் வலிமையையும் வரம்பையும் சேர்த்துப் புரிந்துகொள்ள கார்பமசெபைனைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. பாசல் நகரின் கைகி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் 1953இல் கண்டறிந்த இம்மருந்து, முகநரம்பு வலிக்கும் வலிப்பு நோய்க்கும் இன்றுவரை பயன்படுகிறது. இது நீரில் மிகக் குறைவாகவே கரையும். இரத்தத்தில் இருக்க வேண்டிய அளவின் எல்லையும் குறுகியது. குறைந்தால் வலிப்பு திரும்பும், கூடினால் தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் வரும். ஆகவே மாத்திரையிலிருந்து மருந்து கரையும் வேகம் சிறிது மாறினாலும் நோயாளிக்குத் தெரிந்துவிடும். இந்த மருந்துக்கு நீரில்லாத படிக வடிவங்கள் பல உண்டு. ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த டைஹைட்ரேட் வடிவமும் உண்டு. மருந்துக் கடைக்கு வரும் மாத்திரைகளில் இருக்க வேண்டியது மூன்றாம் வடிவம் எனப்படும் நீரில்லாப் படிகம்.

அந்த மூன்றாம் வடிவத்தை நிமிடத்துக்கு 10 பாகை வேகத்தில் சூடாக்கினால் வரைகோட்டில் மூன்று நிகழ்வுகள் தெரியும். ஏறத்தாழ 175 பாகையில் ஒரு வெப்பங்கொள் உச்சி. அதன் வாலைத் தொட்டுக்கொண்டே எதிர்த்திசையில் ஒரு வெப்ப உமிழ் உச்சி. பிறகு 190 பாகையைத் தாண்டியவுடன் இன்னொரு வெப்பங்கொள் உச்சி. இதை முதன்முறை பார்க்கும் ஒருவர் மூன்று விதமாக வாசிக்கலாம். பொடியில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன, ஒன்று முன்னும் மற்றது பின்னும் உருகுகிறது என்பது ஒரு வாசிப்பு. பொருள் 175 பாகையில் சிதைகிறது, சிதைந்து உண்டான பொருள் 190இல் உருகுகிறது என்பது இரண்டாவது. மூன்றாம் வடிவம் உருகி, அந்த உருகலிலிருந்து முதலாம் வடிவம் படிகமாகி, பின்னர் அதுவும் உருகுகிறது என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் சரி. ஆனால் வரைகோட்டை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது சரி என்று நிறுவ முடியாது.

நிறுவுவதற்கு வேறு சாட்சிகள் வேண்டும். டி.ஜி.ஏ.வில் வைத்தால் 175 பாகைக்கு அருகில் எடை இறங்குவதில்லை; எனவே நீரோ கரைப்பானோ வெளியேறவில்லை, வாயுவை விட்டுச் சிதையவும் இல்லை. சூடாகும் மேடை பொருத்திய நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், படிகங்கள் உருகித் துளியாவதும் அந்தத் துளிக்குள்ளேயே புதிய படிகங்கள் முளைத்துப் பரவுவதும் கண்ணுக்கே தெரியும். சூடாக்கும் வேகத்தை மாற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. வேகத்தைக் குறைத்தால் மூன்றாம் வடிவம் உருகுவதற்கு முன்பே, திண்ம நிலையிலேயே, முதலாம் வடிவமாக மாற நேரம் கிடைக்கும். அதனால் 175 பாகை உச்சி சிறுத்துவிடும். வேகத்தைக் கூட்டினால் உருகலிலிருந்து மறுபடி படிகமாக நேரம் போதாமல் கடைசி உச்சி சிறுக்கும். உண்மையிலேயே இரு பொருள்களின் கலவையாக இருந்தால் உச்சிகளின் அளவுகள் வேகத்துக்கேற்ப இப்படி ஒன்றிடமிருந்து ஒன்று பறித்துக்கொள்ளா. ஒரே மருந்தை இரண்டு வேகங்களில் அளப்பதற்குக் கூடுதலாகச் செலவாவது சில மில்லிகிராமும் ஒரு மணி நேரமும்தான். ஆயினும் பெரும்பாலான அறிக்கைகளில் 10 பாகை வேகம் மட்டும்தான் இருக்கிறது. கருவி உற்பத்தியாளர் அமைத்துக் கொடுத்த இயல்பு மதிப்பு அது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

நுண்ணோக்கியைப் பற்றிச் சொல்லும்போது ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரைச் சொல்லாமல் விட முடியாது. லுட்விக் கோஃப்ளரும் அடெல்ஹைட் கோஃப்ளரும் அங்கே வெப்ப நுண்ணோக்கியை மருந்துப் படிகங்களின் ஆய்வுக்குரிய ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார்கள்; மரியா கூனர்ட்-பிராண்ட்ஷ்டேட்டர் அதைத் தொடர்ந்தார். அதே மரபில் வந்த பர்கரும் ராம்பெர்கரும் 1979இல் முன்வைத்த விதிகள் இன்றும் முன்வடிவமைப்பு ஆய்வில், அதாவது மருந்தை மாத்திரையாக வடிவமைக்கும் முன் அதன் பண்புகளை அறியும் ஆய்வில், அன்றாடம் பயன்படுகின்றன. அவற்றுள் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்: இரண்டு படிக வடிவங்களில் உயர்ந்த உருகுநிலை கொண்டதற்கு உருகல் வெப்பம் குறைவாக இருந்தால், அவ்விரண்டுக்கும் இடையே உருகுநிலைக்குக் கீழே எங்கோ ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு; அதற்குக் கீழே ஒரு வடிவமும் அதற்கு மேலே மற்றொரு வடிவமும் நிலைத்தவை. கார்பமசெபைனில் அப்படித்தான் இருக்கிறது. 175 பாகையில் உருகும் மூன்றாம் வடிவத்தின் உருகல் வெப்பம் மோலுக்கு ஏறத்தாழ 29 கிலோஜூல். 190க்கு மேல் உருகும் முதலாம் வடிவத்துக்கு ஏறத்தாழ 26. மாறுநிலை 70 பாகையை ஒட்டி வருகிறது. ஆக, அறை வெப்பநிலையில் நிலைத்தது குறைந்த வெப்பநிலையில் உருகும் மூன்றாம் வடிவம்தான். "உருகுநிலை உயர்ந்த படிகம்தான் உறுதியான படிகம்" என்று பழக்கத்தால் நினைத்து முதலாம் வடிவத்தைத் தேர்ந்திருந்தால், அலமாரியில் இருக்கும்போதே மாறத் துடிக்கும் ஒரு வடிவத்தை மாத்திரையில் அடைத்திருப்போம்.

இனி நீர். கார்பமசெபைனின் மூலக்கூறு எடை 236. இரண்டு நீர் மூலக்கூறுகள் 36. எனவே டைஹைட்ரேட்டைச் சூடாக்கினால் டி.ஜி.ஏ.வில் 13.2 விழுக்காடு எடை இறங்க வேண்டும். இத்தகைய கணக்கு பொருந்தும்போது வெப்பப் பகுப்பாய்வின் வாக்கு மிக வலிமையானது, 13.2க்கு வெகு அருகில் வந்து, அதன்பின் எடை தட்டையாக நின்றால், கையில் இருப்பது டைஹைட்ரேட் என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் டி.எஸ்.சி.க்கு வந்தால் சிக்கல் மீண்டும் தொடங்குகிறது. கிண்ணத்தைத் திறந்தபடி வைத்தால் நீர் எளிதில் வெளியேறும். மூடியில் ஊசித்துளை இட்டால் தாமதமாகும். முற்றாக மூடி முத்திரையிட்டால் நீர் உள்ளேயே தங்கி, மருந்தை ஈரத்தில் வேகவைத்தது போலாகும். மூன்றிலும் உச்சியின் இடமும் உருவமும் வேறுவேறு. இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. உலர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் நீரை இழந்தால் டைஹைட்ரேட்டிலிருந்து ஒழுங்கற்ற, படிகமில்லாத பொருள் மிஞ்சும். சுற்றிலும் நீராவி இருக்கும்போது இழந்தால் நீரில்லாப் படிகம் மிஞ்சும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ராஜ் சூரியநாராயணனின் குழு இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. கருவியைப் பாதுகாக்கவென்று நாம் ஓட்டும் நைட்ரஜனே மருந்தின் அடுத்த வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்றால், வரைகோடு மருந்தின் படம் மட்டும் அல்ல, சோதனை நிலைமைகளின் படமும் ஆகும்.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள்ளேயே முடிந்துவிடும் நுணுக்கம் அல்ல. ஈரக்காற்றில் வைத்த கார்பமசெபைன் மாத்திரைகள் கெட்டியாகி, தங்கள் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990இல் எச்சரித்தது; குளியலறை அலமாரியில் வைக்க வேண்டாம் என்ற அறிவுரை இந்த மருந்துக்குக் குறிப்பாகப் பொருந்துவது இதனால்தான். மருத்துவப் பயன் தவறியதாகப் புகாருக்குள்ளாகி அங்கே திரும்பப் பெறப்பட்ட மாத்திரைத் தொகுதிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 1992இல் வெளிவந்தது. தொகுதிக்குத் தொகுதி கரையும் வேகமும் இரத்தத்தில் சேரும் அளவும் பெரிதும் வேறுபட்டதை அது காட்டியது. மழைக்காலத்தில் உப்பே நீர்விட்டுப் போகும் நம் கடலோர ஊர்களில், இந்த மாத்திரையைப் பெரிய புட்டியிலிருந்து எண்ணிக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 13.2 விழுக்காடு நினைவுக்கு வரும். வடிவமைப்பாளருக்கு இதன் பொருள் நேரடியானது: பொடியை நீர் சேர்த்துப் பிசைந்து குருணையாக்கும் ஈரக் குருணையாக்கத்தைத் தேர்ந்தால் டைஹைட்ரேட் உருவாகிறதா, உலர்த்தும்போது அது எந்த வடிவமாகத் திரும்புகிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

அடுத்து நான் மிகுந்த ஐயத்தோடு பார்க்கும் பகுதிக்கு வருகிறேன். மருந்தும் துணைப்பொருள்களும் ஒத்துப்போகின்றனவா என்று டி.எஸ்.சி.யால் சோதிப்பது இந்தியாவின் மருந்தியல் கல்லூரிகளில் ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. மருந்தைத் தனியாக ஒரு வரைகோடு, துணைப்பொருளைத் தனியாக ஒரு வரைகோடு, இரண்டையும் சம எடையில் கலந்து ஒரு வரைகோடு. கலவையில் மருந்தின் உச்சி அதே இடத்தில் இருந்தால் "ஒத்துப்போகிறது", நகர்ந்தாலோ மறைந்தாலோ "ஒத்துப்போகவில்லை". முதுகலை ஆய்வேடுகளில் இந்தப் பத்தி அச்சு வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். இந்த வாசிப்பு இரண்டு பக்கமும் தவறக்கூடியது.

தவறான எச்சரிக்கைகளை முதலில் பார்ப்போம். மாத்திரைகளில் நிரப்பியாகப் பயன்படும் டைகால்சியம் பாஸ்பேட் டைஹைட்ரேட்டின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீர். லாக்டோஸ் மோனோஹைட்ரேட்டில் 5 விழுக்காடு. அது 145 பாகையை ஒட்டி வெளியேறும். மருந்தின் உருகுநிலை 160 பாகை என்றால், மருந்து உருகுவதற்கு முன்பே கிண்ணத்துக்குள் சூடான நீராவி நிரம்பிவிடுகிறது. மாத்திரை தன் வாழ்நாளில் ஒருபோதும் காணாத அந்தச் சூழலில் மருந்து எப்படி நடந்துகொண்டது என்பதை வைத்து, 30 பாகையில் ஈராண்டு அலமாரியில் இருக்கப்போகும் மாத்திரையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம். பாவிடோன் போன்ற ஈரம் உறிஞ்சும் பாலிமர்களோ, 40 பாகையிலிருந்து 120 பாகை வரை நீண்டு கிடக்கும் அகன்ற மேடு ஒன்றைத் தருகின்றன. அது உறிஞ்சிய நீர் ஆவியாவது மட்டுமே. அதன் அடியில் எந்தச் சிறு மாற்றம் நடந்தாலும் புதைந்துபோகும்.

இன்னும் நயமாக ஏமாற்றுவது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பாலிமர். ஆறாயிரம் மூலக்கூறு எடை கொண்ட வகை 60 பாகையை ஒட்டி உருகிவிடும். அதனோடு கலந்த மருந்து 160 பாகையில் உருக வேண்டியது என்று வைத்துக்கொள்வோம். கருவி 60இலிருந்து 160க்கு ஏறும் பத்து நிமிடத்தில், உருகிய பாலிமரில் மருந்து சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே போகும். 160ஐ அடையும்போது உருகுவதற்குப் படிகமே மிஞ்சியிருக்காது. வரைகோட்டில் மருந்தின் உச்சி இல்லை. அதைப் பார்த்து, "மருந்து படிகமற்ற நிலைக்கு மாறிவிட்டது, ஆகவே கரைதிறன் கூடியது" என்று எழுதிய கட்டுரைகள் எத்தனையோ உண்டு. அதே கலவையை அறை வெப்பநிலையில் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக்கு உட்படுத்தினால் மருந்துப் படிகத்தின் கோடுகள் துல்லியமாக நிற்கும். கிண்ணத்தில் வைக்கும்போது படிகமாக இருந்ததைக் கருவியே கரைத்துவிட்டு, படிகம் இல்லை என்று சாட்சி சொல்கிறது. ஓர் ஆய்விதழுக்கு மதிப்புரை எழுத வரும் கட்டுரைகளில் இந்தத் தவற்றைச் சந்திக்கும்போது, கலவையை நுண்ணோக்கி மேடையில் 100 பாகை வரை சூடாக்கிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்பது என் வழக்கம்.

உச்சி கீழே நகர்வதும் வேதிவினைக்குச் சான்று ஆகாது. இரண்டு பொருள்கள் கலந்தால் இரண்டையும்விடக் குறைந்த வெப்பநிலையில் உருகுவது இயல்பான ஒரு பண்பு. லிடோகெயின் 68 பாகையில் உருகும், பிரிலோகெயின் 38 பாகையில் உருகும். இரண்டையும் சம அளவில் கலந்தால் 18 பாகையிலேயே உருகி அறை வெப்பநிலையில் எண்ணெயாக நிற்கும். ஊசி போடும் முன் தோலை மரக்கச் செய்யும் எம்லா களிம்பை ஸ்வீடனின் ஆஸ்ட்ரா நிறுவனம் உருவாக்கியது இந்தப் பண்பை வைத்துத்தான். அதே பண்பு இபுப்ரோஃபெனில் தொல்லையாகிறது. 76 பாகையில் உருகும் அம்மருந்தோடு ஸ்டியரிக் அமிலம் சேர்ந்தால் உருகுநிலை மேலும் இறங்குகிறது. மாத்திரை அழுத்தும் இயந்திரத்தில் சூடேறிய அச்சுகளில் பொடி ஒட்டத் தொடங்கும். இங்கே மருந்து வேதியியல் முறையில் துளியும் கெடவில்லை. அறிக்கையில் "ஒத்துப்போகவில்லை" என்று எழுதினால் அது பொய். "ஒத்துப்போகிறது" என்று எழுதினால் உற்பத்திப் பிரிவில் இருப்பவர்கள் நம்மைத் தேடி வருவார்கள். உண்மையில் எழுத வேண்டியது உருகுநிலை எத்தனை பாகை இறங்கியது என்பதும், அழுத்தும்போது எந்த வெப்பநிலைக்கு மேல் போகக்கூடாது என்பதும்.

எச்சரிக்கை வர வேண்டிய இடத்தில் வராமல் போவது இதைவிட ஆபத்தானது. அமீன் தொகுதி கொண்ட மருந்துகள் லாக்டோசுடன் சேர்ந்து மெல்ல மெல்லப் பழுப்பேறும். மனச்சோர்வு மருந்தான ஃபுளுவாக்செடின் ஹைட்ரோகுளோரைடு லாக்டோசுடன் இப்படி வினைபுரிவதை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாதக்கணக்கில் ஈரத்தின் துணையோடு நடக்கும் அத்தகைய வினை, நிமிடத்துக்கு 10 பாகை வேகத்தில் ஓடும் உலர்ந்த கிண்ணத்தில் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே, ஒத்திசைவுக் கேள்விக்கு நான் நம்புவது அபு செராஜுதீனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் விவரித்த எளிய முறையை: உண்மையான மாத்திரையின் விகிதத்தை ஒட்டிக் கலந்து, 20 விழுக்காடு நீர் சேர்த்து, மூடிய குப்பியில் 50 பாகையில் சில வாரம் வைத்து, பின் கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபியில் சிதைபொருள்களை அளப்பது. வசதியுள்ள ஆய்வகங்களில் ஒரே வெப்பநிலையில் அசையாமல் வைத்து மைக்ரோவாட் அளவிலான வெப்பத்தைக் கவனிக்கும் நுண்கலோரிமானியும் இருக்கிறது. அதுவும் வெப்பப் பகுப்பாய்வுதான். 25 அல்லது 40 பாகையிலேயே கேள்வியைக் கேட்கிறது என்பது அதன் சிறப்பு. டி.எஸ்.சி.யை இந்த வரிசையில் முதல் வடிகட்டியாக வைக்கலாம். மாற்றம் தெரிந்த கலவைகளை மேற்கொண்டு ஆராய வேண்டியவை என்று குறித்துக்கொள்வதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கிண்ணத்தில் இல்லாததைக் கருவி காட்டாது என்பதற்கு ரிட்டோனவிரின் கதை போதும். எச்.ஐ.வி.க்கு எதிரான இம்மருந்தை அபாட் நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது ஒரே ஒரு படிக வடிவம்தான் தெரிந்திருந்தது. கேப்சூலுக்குள் மருந்து கரைந்த நிலையில் இருந்ததால் படிக வடிவம் பற்றிப் பெரிய கவலையும் இல்லை. 1998இல் கேப்சூல்கள் கரைதல் சோதனையில் தோற்கத் தொடங்கின. கரைதிறன் வெகுவாகக் குறைந்த இரண்டாம் வடிவம் ஒன்று உள்ளே படிகமாகிக்கொண்டிருந்தது. கேப்சூல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மென்கேப்சூல் அதன் இடத்துக்கு வந்தது. முதல் வடிவத்தை எத்தனை முறை சூடாக்கியிருந்தாலும், இரண்டாம் வடிவத்தின் முதல் நுண்படிகமான கரு உருவாகாதவரை அது வரைகோட்டில் தோன்றியிருக்காது. நிறுவனம் பின்னர் மருந்தை கோபாவிடோன் என்ற பாலிமரோடு சேர்த்து உருக்கிப் பிழிந்து, படிகமற்ற திண்மமாக்கியது. லோபினவிரும் ரிட்டோனவிரும் சேர்ந்த மாத்திரை 2005இலும் ரிட்டோனவிர் தனி மாத்திரை 2010இலும் வந்தன. குளிர்பதனம் தேவையில்லை என்பது மின்சாரம் நிலையில்லாத வெப்ப நாடுகளில் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை விளக்க வேண்டியதில்லை.

படிகமற்ற நிலைக்குப் போனதும் உருகுநிலையின் இடத்தை கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை பிடித்துக்கொள்கிறது. அதற்குக் கீழே மூலக்கூறுகள் உறைந்து கிடக்கும். மேலே அவை நகரத் தொடங்கி மீண்டும் படிகமாகும். அந்த வெப்பநிலைக்கு 50 பாகை கீழே வைத்தால் நகர்வு பொருட்படுத்தத் தக்கதல்ல என்ற நடைமுறை விதி, ஹேன்காக், ஷாம்ப்ளின், சோக்ராஃபி ஆகியோரின் 1995ஆம் ஆண்டு ஆய்விலிருந்து பரவியது. இண்டோமெத்தசின் என்ற வலி மருந்துக்கு இம்மாற்றம் 42 பாகையில் நிகழ்கிறது. விதிப்படி அதை சுழியத்துக்கு 8 பாகை கீழே வைக்க வேண்டும். எந்தக் கடைக்காரரும் அப்படி வைக்கப்போவதில்லை. ஆகவே 105 பாகையை ஒட்டி மாறும் கோபாவிடோன் போன்ற பாலிமரைச் சேர்த்துக் கலவையின் வெப்பநிலையை உயர்த்துகிறோம். உறிஞ்சிய ஈரம் அதை மறுபடி கீழே இழுக்கும். எனவே உலர்ந்த மாதிரியில் அளந்த எண்ணை மட்டும் கொடுக்கும் அறிக்கை, ஈரமான அலமாரியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இந்த மாற்றம் வரைகோட்டில் உச்சியாக வராது. அடிக்கோடு ஒரு சிறு படியாக இறங்கும், அவ்வளவுதான். நெடுநாள் வைத்திருந்த, கண்ணாடி நிலையிலுள்ள மருந்தில் அந்தப் படியின் மேல் ஒரு வெப்பங்கொள் உச்சி முளைத்து, உருகல் போலவே நடிக்கும். 1990களின் தொடக்கத்தில் மைக் ரீடிங் அறிமுகப்படுத்திய அலைவு முறை, சீரான ஏற்றத்தின் மேல் சிறு வெப்பநிலை அலை ஒன்றை ஏற்றி, இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. படிகமற்ற கலவைகளோடு வேலை செய்பவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல. ஆயினும் கலவை ஒரே படியைக் காட்டியது என்பதற்காக மருந்தும் பாலிமரும் மூலக்கூறு அளவில் கலந்துவிட்டன என்று முடிவு கட்டக் கூடாது. 30 நானோமீட்டருக்கும் சிறிய திட்டுகளாகப் பிரிந்து கிடந்தால் கருவிக்கு அவை தனித்தனியாகத் தெரிவதில்லை.

என்னிடம் வரும் அறிக்கைகளில் நான் கேட்பவை சிலதான்: மாதிரியின் எடை, கிண்ணத்தின் வகை, சூடாக்கிய வேகம், வாயு, அம்புக்குறி, மென்மையாக்கப்படாத மூல வரைகோடு, அதே வெப்பநிலை அளவுகோலில் பக்கத்திலேயே டி.ஜி.ஏ. வரைகோடு. புதிதாகச் சேருபவர்களிடம் இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதுண்டு. கிண்ணத்தைக் கருவியில் வைப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் அதே தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும், டி.ஜி.ஏ. பழுதாகிக் கிடக்கும் நாட்களில் நீர் போனதா என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். குளிர்ந்த பிறகு மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து, உள்ளே இருப்பது கண்ணாடி போல் உறைந்திருக்கிறதா, மீண்டும் படிகமாகியிருக்கிறதா, கருகியிருக்கிறதா என்று பார்த்து, அதையும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லாத உருகுநிலையை நான் அட்டவணையில் சேர்ப்பதில்லை.